கோதம் நகரத்து மற்றவர்கள்

2022 ஜூலையில் டேவிட் வோர்னர் போனார். அதே வருடம் நவம்பர் 10ஆம் திகதி கெவின் கொன்ரோய். அடுத்த வருடம் ஆகஸ்டில் ஆர்லீன் சோர்கின், அக்டோபரில் ரிச்சர்ட் மோல். பதினைந்து மாத அளவில் நாலு பேர். சின்ன வயதில் இவர்களில் ஒருவரின் முகமும் எனக்குத் தெரியாது. குரல் மட்டும் தெரியும். வோர்னர் என்றால் அறுநூறு வருடம் வாழ்ந்த ராஸ் அல் கூல். சோர்கின் என்றால் ஜோக்கரைச் சுற்றிச் சுற்றி வரும் ஹார்லி குவின். மோல் என்றால் பாதி முகம் வெந்துபோன டூ-ஃபேஸ். கொன்ரோய்தான் பேட்மேன். ஆனாலும் அவரைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. பேட்மேனைப் பற்றிப் பேச உலகமெல்லாம் ஆள் இருக்கிறது.

வார்னர் பிரதர்ஸ் தயாரித்த ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ 1992 செப்டம்பர் 5ஆம் திகதி ஃபொக்ஸில் தொடங்கியது. நாங்கள் அப்போது ரொறொன்ரோவில், வெல்லெஸ்லியும் பார்லிமென்டும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, ஓர் உயர்ந்த கட்டடத்தின் மாடி ஒன்றில் இருந்தோம். அந்த நாளில் புதிதாக வந்திறங்கிய யாழ்ப்பாணத்தார் பாதிப்பேர் அந்தக் கட்டடங்களில்தான். ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து 29ஆம் சேனல் எங்கள் ரீவியில் விழும். பள்ளிக்கூடம் விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றினால் நாலரைக்கு பேட்மேன். டிசம்பரில் நாலே முக்காலுக்கெல்லாம் யன்னலுக்கு வெளியே இருண்டுவிடும். ரீவிக்குள்ளும் இருட்டு, வெளியிலும் இருட்டு.

என்னோடு சேர்ந்து பார்த்தவர் மாமா. டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் அவருக்குக் கோப்பை கழுவுகிற வேலை, இரவு ஷிஃப்ட். ஜாக்கெட்டைப் போட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்ப்பார். இருந்து பார்த்தால் எழும்ப மனம் வராதாம். இரண்டாவது விளம்பரம் தொடங்கினால் சப்வேக்கு ஓடவேண்டும். ஆகையால் அவர் ஒரு கதையையும் முழுதாகப் பார்த்ததில்லை. வில்லன் எப்படி வில்லனானான் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அவன் பிடிபட்டதை அவர் கண்டதேயில்லை. ஞாயிற்றுக்கிழமை சமைக்கிற நேரத்தில் நான் மிச்சத்தைச் சொல்லுவேன். பிடிபட்டான் என்று நான் சொன்னால் அவருக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. “சரி, பிறகு அவன்ர மனிசிக்கு என்ன நடந்தது?” என்பார்.

அந்தத் தொடரைப் பார்க்கச் சரியான முறை மாமாவுடைய முறைதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கார்ட்டூனுக்குப் பின்னணி வரைகிறவர்கள் வழக்கமாக வெள்ளைத் தாளில் தொடங்குவார்கள். இந்தத் தொடரை புரூஸ் டிம்மோடு சேர்ந்து உருவாக்கிய எரிக் ரடோம்ஸ்கி கறுப்புத் தாளில் தொடங்கச் சொன்னார். இருட்டு ஏற்கெனவே அங்கே இருக்கும். வெளிச்சத்தை மட்டும் வரைந்தால் போதும். ஒரு யன்னல், ஒரு தெருவிளக்கு, கட்டடத்தின் ஓர் ஓரம். கார்கள் நாற்பதுகளின் கார்கள், வீட்டு ரீவிகள் கறுப்பு வெள்ளை, பொலிஸ்காரர் வானத்தில் பலூன் கப்பலில் சுற்றுவார்கள். அதே ஊரில் பேட்மேனுடைய குகையில் கணினி. எந்தக் காலம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. தொடக்கப் பாட்டில் தொடரின் பெயர்கூட எழுத்தில் வராது. மின்னல் அடிக்கும், அவன் நிற்பான், அவ்வளவுதான்.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பிறகு நாங்கள் அங்கிருந்த காலம் முழுக்க ஜாம் போத்தல் விளக்குத்தான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்த வெளிச்சத்தில் ஓர் ஆளின் பாதி முகம்தான் தெரியும். கோதம் நகரத்தை முதல் நாள் பார்த்தபோது எனக்கு அது அந்நிய ஊராகத் தெரியாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த கனேடியப் பெடியன்களுக்கு அது பயமான ஊர். எனக்கு ரொறொன்ரோதான் கண்ணைக் கூசியது.

மிஸ்டர் ஃப்ரீஸைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேச முடியாது. சித்திரக்கதையில் 1959இல் வந்தபோது அவனுக்குப் பெயர் மிஸ்டர் சீரோ. குளிர்த் துப்பாக்கி வைத்துக்கொண்டு நகைக்கடை கொள்ளையடிக்கிற ஆள், வேறொன்றும் இல்லை. 1966இல் அடம் வெஸ்ட் நடித்த பேட்மேன் தொடரில்தான் ஃப்ரீஸ் என்ற பெயர் ஒட்டியது. அங்கே ஜோர்ஜ் சாண்டர்ஸ், ஒட்டோ பிரெமிஞ்சர், ஈலை வொலக் என்று மூன்று பேர் அவனை மாறி மாறி நடித்தார்கள். மூன்று பேர் நடித்தும் ஒருவருக்கும் அவன் யாரென்று தெரியாது. நகைச்சுவைக்கு ஓர் ஆள்.

1992 செப்டம்பர் 7ஆம் திகதி ஒளிபரப்பான ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ அவனைத் தலைகீழாக மாற்றியது. எழுதியவர் போல் டினி, இயக்கியவர் டிம். கண்ணாடி உருண்டைக்குள் பனி கொட்ட, உள்ளே ஒரு சின்ன நடனப் பெண் சுற்றுகிறாள். அதைப் பார்த்தபடி விக்டர் ஃப்ரைஸ் பேசுகிறான். மனைவி நோராவுக்குத் தீராத வருத்தம். மருந்து கண்டுபிடிக்கும் வரைக்கும் அவளை உறைநிலையில் வைத்திருக்கிறான். அவன் வேலை பார்க்கிற கோத்கோர்ப் நிறுவனத்தின் தலைவன் ஃபெரிஸ் பொயில், செலவு அதிகம் என்று வந்து, நடந்துகொண்டிருந்த பரிசோதனையை நிறுத்துகிறான். இழுபறியில் ஃப்ரைஸ் இரசாயனங்களுக்குள் தூக்கி எறியப்படுகிறான். அதற்குப் பிறகு பூச்சியத்துக்குக் கீழ்க் குளிரில் மட்டுமே அவனுக்கு உயிர் தங்கும். வெளியே வரக் கவச உடுப்பு வேண்டும்.

இவனுக்குக் குரல் கொடுத்தவர் மைக்கேல் அன்சாரா. சிரியாவில் பிறந்தவர். உணர்ச்சியைக் கூட்ட வேண்டாம், குறை என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இயந்திரம் பேசுவது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு மனிதன் தன் மனைவியைப் பற்றிச் சொல்லுகிறான். அழுதிருந்தால் நாங்கள் மறந்திருப்போம்.

மாமாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். அந்தக் கட்டத்தில் “மனிசிக்கு வருத்தமோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். தொப்பியை மாற்றி மாற்றிப் பிடித்தபடி நின்றார். மாமி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், ஸ்பொன்சர் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாமா வேலைக்குப் பிந்தித்தான் போனார். ஆனாலும் முடிவு பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்: பேட்மேனுக்கு அந்தக் கதை முழுக்கத் தடிமன். வேலைக்காரர் அல்ஃபிரட் ஃபிளாஸ்க்கில் கோழி சூப் கொடுத்து விடுகிறார். கடைசிச் சண்டையில் அந்தச் சுடுசூப் ஃபிளாஸ்க்கால்தான் ஃப்ரீஸின் கண்ணாடித் தலைக்கவசம் உடைகிறது. மாமாவுக்குச் சூப் பிடித்துக்கொண்டது. “உந்தக் கிழவன்தான் கெட்டிக்காரன்” என்றார். பொயிலுக்கு என்ன நடந்தது என்றும் கேட்டார். மனிதாபிமானி என்று அவனுக்கு விருது கொடுக்கிற அதே மண்டபத்தில் பாதி உடம்பு உறைந்து நிற்கிறான். அவன் செய்ததைக் காட்டும் வீடியோவை பேட்மேன் பத்திரிகையாளர் சம்மர் கிளீசனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தப் பொயிலுக்குக் குரல் கொடுத்தது மார்க் ஹமில், அதாவது ஜோக்கர். எனக்கு இது தெரிய வந்தபோது மாமாவுக்குச் சொல்ல முடிந்திருந்தால் மிகவும் ரசித்திருப்பார்.

அந்த அத்தியாயத்தின் எழுத்துக்கு 1993இல் டேடைம் எம்மி விருது கிடைத்தது. நோராவின் கதையைச் சித்திரக்கதைக்காரர்களும் தங்களுடைய மூலக்கதையாக எடுத்துக்கொண்டார்கள். ரீவி நகைச்சுவையில் பெயர் பெற்ற ஒருவனுக்கு, ரீவி கார்ட்டூன் மனைவியைக் கொடுத்து, ஐம்பது வருடச் சித்திரக்கதைப் பாரம்பரியம் அதற்குத் தலை வணங்கியது. 1997 சினிமாவில் அர்னோல்ட் ஷ்வார்ட்ஸ்நெகர் இதே நோராவை வைத்துக்கொண்டு வாய்க்கு வாய் பனிப் பகிடி விட்டார். அதை நான் தியேட்டரில் போய்ப் பார்த்தேன். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

மாமா சினிமாவோடு வளர்ந்தவர். ராஜா, வின்சர், ரீகல், மனோகரா என்று யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களின் பெயர்களைச் சாமி பெயர்கள் மாதிரி அடுக்குவார். ஜோக்கருடைய சிரிப்பை முதல் நாள் கேட்டுவிட்டு “பி.எஸ். வீரப்பாவுக்குப் பிறகு இப்பத்தான் ஒருத்தன் சிரிக்கிறான்” என்றார். ஹமிலுக்கு அதைவிடப் பெரிய விருதை யாரும் கொடுத்திருக்க முடியாது. முதலில் ஜோக்கராகத் தெரிவு செய்யப்பட்டவர் டிம் கரி. அவருக்குப் பதிலாகத்தான் ஹமில் வந்தார். குரல் இயக்குநர் அண்ட்ரியா ரோமானோ நடிகர்களைத் தனித்தனியாகப் பதிவு செய்யாமல் ஒரே அறையில் கூட்டி வைத்துப் பேசவைத்தார். அந்தச் சிரிப்புக்கு எதிரே ஓர் ஆள் இருந்தது நமக்குக் கேட்கும்.

வில்லன்களைப் பற்றி மாமா சொன்ன ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. “நம்பியாருக்கு ஏன் கோபம் எண்டு எம்ஜிஆர் படத்தில ஆரும் கேட்டதில்லை. இவங்கள் கேக்கிறாங்கள்.”

கேட்டார்கள், உண்மைதான். ஹார்வி டென்டைப் பாருங்கள். டூ-ஃபேஸாக மாறுவதற்கு முன்பே சில அத்தியாயங்களில் அரச வழக்கறிஞராக, பேட்மேனாக வேடம் போடுகிற புரூஸ் வெய்னின் நண்பராக வந்து போகிறார். பொய்சன் ஐவி அறிமுகமாகும் கதையில் அவள் முத்தத்தால் நஞ்சூட்டுவது இவருக்குத்தான். நல்ல மனிசன், பெண்களோடு சிரித்துப் பேசுகிற ஆள், தேர்தலில் நிற்கிற ஆள். அவரை நாங்கள் பழகிய பிறகுதான் செப்டம்பர் கடைசியில் இரண்டு பாகமாக அவர் முகத்தை எரித்தார்கள். அமிலத்தை முகத்தில் ஊற்றிப் பைத்தியமாக்குகிற பழைய சித்திரக்கதையை விட்டுவிட்டார்கள். கோபம் அவருக்குள் சின்ன வயதிலிருந்தே இருந்தது. தான் அடித்த ஒரு பெடியன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான் என்று பயந்து, அதற்குப் பிறகு கோபத்தையே பூட்டி வைத்த பிள்ளை. அந்த மருத்துவக் குறிப்பைத் தாதா ரூபர்ட் தோர்ன் கையில் வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். வெடிவிபத்து முகத்தை எரிக்கிறது, உள்ளே இருந்தவன் வெளியே வருகிறான். கடைசியில் பேட்மேன் அவரை அடித்து வீழ்த்தவில்லை. ஒரு பெட்டி நிறைய நாணயங்களைக் கொட்டிக் கவிழ்க்கிறான். எதையும் சுண்டிப் பார்த்தே முடிவெடுக்கிற தன்னுடைய நாணயம் எதுவென்று தெரியாமல் அந்த மனிதன் தரையில் தவழ்கிறான். மோலின் அடித்தொண்டைக் குரல் அங்கே உடைந்து வரும். முடிவெடுக்க நாணயம் இல்லாத மனிதனின் பயம் அது. அந்த வயதில் எனக்கு அது புரிந்தது என்று சொன்னால் பொய். தூக்கம் வரவில்லை, அது மட்டும் உண்மை.

ஹார்லி குவினை எல்லோருக்கும் தெரியும். சினிமாவில் வந்துவிட்டாள், கடைகளில் அவளுடைய உடுப்பு விற்கிறது. அவள் சித்திரக்கதையில் பிறந்தவள் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1992 செப்டம்பர் 11ஆம் திகதி ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’ என்ற அத்தியாயத்தில், ஜோக்கருக்குப் பக்கத்தில் ஒரு பெண் வேண்டும் என்பதற்காக டினி எழுதிய ஒரு நாள் பாத்திரம். டினியின் கல்லூரித் தோழி ஆர்லீன் சோர்கின், பகல்நேர நாடகத் தொடர் ஒன்றின் கனவுக் காட்சியில் விதூஷகி வேடத்தில் வந்ததைப் பார்த்து அவள் பிறந்தாள். அந்தத் தோழியே குரலும் கொடுத்தார்.

ஆனால் எங்கள் வீட்டில் அந்த அத்தியாயம் ஹார்லியின் கதை இல்லை, சார்லி கொலின்ஸின் கதை. வேலையில் மோசமான ஒரு நாள் முடித்து வீட்டுக்குக் கார் ஓட்டுகிற சாதாரண ஆள். பெருந்தெருவில் ஒருவன் குறுக்கே விட, இவர் கத்தித் திட்டுகிறார். குறுக்கே விட்டவன் ஜோக்கர். கெஞ்சியதால் உயிரோடு விடுகிறான், ஒரு கைம்மாறு பாக்கி என்று சொல்லி. சார்லி பெயரை மாற்றி, ஊரை மாற்றி, குடும்பத்தோடு எங்கேயோ போய் இருக்கிறார். இரண்டு வருடம் கழித்துத் தொலைபேசி அடிக்கிறது. ஜோக்கருக்கு எல்லாம் தெரியும். கேட்ட வேலை என்ன தெரியுமா? பொலிஸ் ஆணையாளர் கோர்டனுக்கு நடக்கிற பாராட்டு விழாவில், கேக் வண்டி உள்ளே வர ஒரு கதவைத் திறந்து பிடிக்க வேண்டும். கதவைப் பிடிக்கத்தான்.

பெயர் மாற்றிய இடத்தில் மாமா உரக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். எங்கள் கட்டடத்தில் கடுதாசியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இருந்தவர்கள் கொஞ்சப் பேரில்லை. தொலைபேசி அடித்தால் உடனே எடுக்காதவர்களும் இருந்தார்கள். “உவன்தான்டா இந்தக் கதையில உண்மையான ஆள்” என்றார். கடைசியில் ஒரு சந்துக்குள் இதே சார்லி கையில் குண்டோடு ஜோக்கரை மறிக்கிறார். நீ பெரிய ஆள் கையால் சாகப் போவதில்லை, பெயரில்லாத என் கையால்தான் என்கிறார். ஜோக்கர் நடுங்கி பேட்மேனைக் கூப்பிடுகிறான்! குண்டு வெறும் விளையாட்டுச் சாமான். இதை ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது மாமா கறிக்குள் கரண்டியை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

பொலிஸ்காரர்களை எங்களுக்குப் பிடிக்காது. காக்கி உடுப்பைக் கண்டால் சைக்கிளைத் திருப்புகிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் கோதம் பொலிசின் மூன்று பேர் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். கோர்டன் களைத்த மனிசன். பொப் ஹேஸ்டிங்ஸின் குரலில் அந்தக் களைப்பு இருக்கும். ஹார்வி புல்லொக் தொப்பையோடு, வாயில் குச்சியோடு, கோட் பொத்தான் பூட்டாமல் திரிகிறவர். பேட்மேனை நம்பவே மாட்டார். மூன்றாவது ரெனே மொன்டோயா. இந்தத் தொடருக்காக உருவாக்கிய பாத்திரம். தொடர் தயாராகி வருவதற்கு முன்பே சித்திரக்கதையில் முந்திக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்த மூன்று பேருக்காக ‘பி.ஓ.வி.’ என்ற அத்தியாயத்தைப் பார்க்கச் சொல்லுவேன். சுற்றிவளைப்பு ஒன்று பிழைத்துப் போகிறது. உள்ளக விசாரணை அதிகாரி, புல்லொக்கையும் மொன்டோயாவையும் வில்க்ஸ் என்ற புதுப் பெடியனையும் தனித்தனியாகக் கேட்கிறார். புல்லொக் சொல்லுகிற கதை ஒன்று, திரையில் நாங்கள் பார்க்கிறது வேறொன்று. வாய் பொய் சொல்லப் படம் உண்மை சொல்லுகிறது. குரசோவா படம் பார்த்தவர்களுக்கு உத்தி புதிதில்லை. ஆனால் மாலை நாலரைக்கு, காலை உணவுத் தானிய விளம்பரங்களுக்கு நடுவில், பிள்ளைகளுக்கு இதைக் காட்டினார்கள். புல்லொக் பொய் சொல்லுகிறவர், கெட்டவர் இல்லை என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்க வேண்டும். பேட்மேன் அந்த அத்தியாயத்தில் ஒரு நிழல் மாதிரித்தான் வருகிறான்.

பிள்ளைகள் நிகழ்ச்சி என்பதால் தடைகளும் நிறைய. இரத்தம் காட்ட முடியாது, பிள்ளைகளை ஆபத்தில் வைக்க முடியாது, சாவை நேரே காட்ட முடியாது. புரூஸின் தாய் தகப்பன் சுடப்பட்டதைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவார்கள். சாவைக் காட்ட முடியாதவர்கள் சாவுக்குப் பிறகு மிஞ்சுகிறவர்களைக் காட்டினார்கள் என்பது என்னுடைய கணிப்பு. வருடம் ஒருமுறை தாய் தகப்பன் சுடப்பட்ட சந்துக்குப் பூக் கொண்டு போகும் பேட்மேனோடு கூடப் போகிற டொக்டர் லெஸ்லி தொம்கின்ஸ் அப்படி ஒருவர். எஃப்ரெம் சிம்பலிஸ்ட் குரல் கொடுத்த அல்ஃபிரட் இன்னொருவர். அல்ஃபிரட் பகிடி விடாமல் ஒரு தட்டும் கொண்டு வந்து வைக்க மாட்டார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்த மனிசன் பகிடிதான் விடலாம், வேறென்ன செய்வது.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பென்குவின் வீண். அந்த வருடம் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு பொருந்த வேண்டும் என்று அவனுக்கு மீன் செட்டை மாதிரிக் கையை ஒட்டி விட்டார்கள். போல் வில்லியம்ஸின் நயமான குரல் அந்த உருவத்துக்குள் மாட்டிக்கொண்டு தவித்தது. ரிட்லருக்கு நல்ல விடுகதை எழுத ஆள் இல்லை. 1997இல் உருவங்களை எல்லாம் கூர்மையாக்கி ‘தி நியூ பேட்மேன் அட்வெஞ்சர்ஸ்’ என்று திரும்ப வந்தபோது ஜோக்கரின் சிவந்த உதட்டை எடுத்துவிட்டார்கள். இதற்காக இன்றும் சண்டை பிடிக்கத் தயார்.

சிரிக்க வைத்ததும் இவர்கள்தான். ‘ஓல்மோஸ்ட் கொட் இம்’ கதையில் ஜோக்கர், டூ-ஃபேஸ், பென்குவின், பொய்சன் ஐவி, கில்லர் குரொக் ஐந்து பேரும் சீட்டு விளையாடிக்கொண்டு, பேட்மேனை எப்படி மயிரிழையில் தவறவிட்டோம் என்று ஆளுக்கொரு கதை சொல்லுகிறார்கள். எல்லோரும் பெரிய பெரிய பொறிகளை விவரிக்க, குரொக்கின் முறை வருகிறது. தான் ஒரு கல்லைத் தூக்கி எறிந்தேன் என்கிறான். ஒருவரும் பேசவில்லை. பெரிய கல்தான் என்கிறான் மெல்ல. மாமாவுக்கு இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. வேலையிடத்தில் என்ன பகிடி நடந்தாலும் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு “பெரிய கல்லுத்தான்” என்று முடிப்பார். குரொக் உண்மையில் மாறுவேடம் போட்ட பேட்மேன் என்று பிறகு சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கல்லெறிந்தவன் குரொக்காகவே இருந்திருக்க வேண்டுமாம்.

இந்த வயதில் எனக்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிற அத்தியாயம் ‘பிவேர் தி கிரே கோஸ்ட்’. 1992 நவம்பரில் வந்தது. புரூஸ் சின்னப் பிள்ளையாகத் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த கறுப்பு வெள்ளை வீரன் கிரே கோஸ்ட். இப்போது ஒருவன் அந்தத் தொடரின் பழைய கதையொன்றைப் பின்பற்றி ஊருக்குள் குண்டு வைக்கிறான். கதை எப்படி முடியும் என்று புரூஸுக்கு ஞாபகமில்லை. சின்ன வயதில் நித்திரையாகிவிட்டான். பிரதிகள் தீயில் போய்விட்டன. கிரே கோஸ்டாக நடித்த சைமன் ட்ரென்டைத் தேடிப் போகிறான். ட்ரென்ட் கிழவர். அந்த வேடத்துக்குப் பிறகு வேறு வேடம் கிடைக்கவில்லை. வாடகைக்குக் காசில்லாமல் தன்னுடைய விளையாட்டுச் சாமான்களை விற்கிறார், கடைசியில் அந்த உடுப்பையும்.

ட்ரென்டுக்குக் குரல் கொடுத்தவர் அடம் வெஸ்ட். 1966இலிருந்து 1968 வரைக்கும் பேட்மேனாக நடித்து, அதற்குப் பிறகு நீண்ட காலம் வேறு வேடம் கிடைக்கத் திண்டாடிய அதே வெஸ்ட். தன்னுடைய வாழ்க்கையைத் தானே வந்து பேசியிருக்கிறார். குண்டு வைத்தவன் ட்ரென்டிடம் சாமான் வாங்கிய விளையாட்டுச் சாமான் கடைக்காரன். அவனுக்குக் குரல் புரூஸ் டிம். தொடரை உருவாக்கியவரே, பழைய விளையாட்டுச் சாமான் மேல் பைத்தியம் பிடித்தவனின் குரலாக இருந்து தன்னைத் தானே பகிடி பண்ணியிருக்கிறார். ட்ரென்ட் பேட்மேனுடைய குகைக்குள் வரும்போது, அது தான் நடித்த தொடரின் குகை மாதிரியே இருப்பதைக் காண்கிறார். தான் செய்தது வீணாகவில்லை என்று அந்தக் கிழவருக்கு அங்கேதான் தெரிகிறது.

வெஸ்ட் 2017 ஜூனில் போனார். அன்சாரா 2013இல், சிம்பலிஸ்டும் ஹேஸ்டிங்ஸும் 2014இல். மேட் ஹேட்டருக்குக் குரல் கொடுத்த ரொடி மெக்டோவல் 1998இலேயே போய்விட்டார். அந்த நகரத்துக்கு இசை அமைத்த ஷேர்லி வோக்கர் 2006இல். ஒவ்வொரு வில்லனுக்கும் தனி மெட்டு வைத்தவர் அவர். ஃப்ரீஸின் மெட்டு இசைப்பெட்டி ஓடுவது மாதிரி மணி ஒலியோடு வரும். வெல்லெஸ்லியில் நாங்கள் இருந்த அந்த மாடியில் இப்போது வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் போய்விட்டார்கள். மாமி கடைசியில் வந்து சேர்ந்தார். மாமா பகல் வேலைக்கு மாறினார். நாலரைக்கு வீட்டில் இருக்க முடியாத வேலை அது. அந்த நேரத்துக்கு அந்தத் தொடரும் இல்லாமல் போயிருந்தது. மாமா இப்போது இல்லை. ட்ரென்டின் கதையை அவர் பாதிதான் பார்த்தார், முடிவு நான் சொன்னதுதான்: பழைய தொடர் வீடியோவில் திரும்ப வருகிறது, கிழவரிடம் கையெழுத்து வாங்க வரிசை நிற்கிறது. “அப்ப வாடகை கட்டியிருப்பார்” என்றார் மாமா.

மொத்தம் 85 அத்தியாயங்கள், ஒன்று இருபத்திரண்டு நிமிடம். பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்கள் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’இல் தொடங்குங்கள், பிறகு டூ-ஃபேஸ் இரண்டு பாகம், ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’, கடைசியாக ‘பிவேர் தி கிரே கோஸ்ட்’. ஒவ்வொன்றும் முடியும்போது ஓடுகிற பெயர்களைத் தாண்டி அடுத்ததுக்குப் போக வேண்டாம். குரல் கொடுத்தவர்களின் பெயர்கள் அங்கே மட்டும்தான் வருகின்றன.